மாமன் பார்க்கும் முன்

பிரசவ அறைக் கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்து, வெளியே நின்றவனிடம் மருத்துவமாது மதலேனா இரண்டு சங்கதி சொன்னாள். பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்றது உண்மை. அடுத்து அவன் குரலைத் தாழ்த்தி, கதவிடுக்கில் வாயை வைக்காத குறையாக, "மிஸ்... மாலை கீலை சுத்தி இருந்திச்சா?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, சுத்தமா வந்திருக்கு" என்றாள். அது பொய். பிள்ளையின் கழுத்தில் கொடி ஒரு சுற்று இருந்தது. தளர்வான சுற்றுத்தான். தலை வெளியே வந்ததும் விரலை உள்ளே விட்டுத் தூக்கி, சட்டையைக் கழற்றுகிற மாதிரித் தலைக்கு மேலால் எடுத்துவிட்டிருந்தாள். கதவுக்கு வெளியே நின்ற லோகேஸ்வரன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

இதில் பயப்பட ஒன்றுமே இல்லை. பிறக்கிற பிள்ளைகளில் நாலைந்துக்கு ஒன்று தொப்புள்கொடியைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் வருகிறது. மருத்துவமாதுக்கு அது தும்மல் மாதிரி ஒரு சாதாரண விஷயம். ஆனால் மாத்தளைத் தோட்டங்களில் அதற்கு மாலை சுற்றிப் பிறப்பது என்று பேர். மாலை சுற்றிய பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது. அவன் அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்துவிட்டால் அவன் உயிருக்கே ஆபத்து என்பார்கள். பரிகாரமும் உண்டு. அகலமான பாத்திரத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, பிள்ளையை அதற்கு மேலே பிடித்து, எண்ணெயில் விழுகிற முகத்தை மாமன் முதலில் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு நேரே பார்க்கலாம், தூக்கலாம், கொஞ்சலாம். சில வீடுகளில் விஷயம் அத்தோடு முடிந்துவிடும். சில வீடுகளில் முடியாது.

மதலேனா வேதக்காரி, மாதா கோவிலுக்குப் போகிறவள். எண்ணெயில் முகம் பார்ப்பதில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் பொய் சொல்லத் தொடங்கியது அதனால் அல்ல. வேலைக்கு வந்த புதிதில் இரத்தோட்டைப் பக்கத்தில் ஒரு தாய்க்கு உள்ளதை உள்ளபடி சொன்னாள். எண்ணெய் பார்த்தார்கள், பூசை வைத்தார்கள், எல்லாம் முறைப்படி நடந்தது. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள் மாமன்காரன் மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனான். தேயிலை மலையில் குளவி யாரைத்தான் கொட்டவில்லை! ஆனால் தோட்டத்து லயத்துச் சனம் குளவியை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. மாமனை முழுங்கினவள் என்று பேர் வைத்து, நல்லது கெட்டதுக்கு அழைக்காமல் விட்டார்கள். அவள் வளர்ந்து, கலியாணமாகி, வயிற்றுப் பிள்ளையோடு கிளினிக்குக்கு வந்தபோது மதலேனாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எம் புள்ளைக்கும் அப்படி இருந்தா யாருக்கும் சொல்லிடாதீங்க மிஸ்." அன்றைக்கு எடுத்த முடிவு. அதற்குப் பிறகு எந்த மாமன் கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

இலங்கைப் போக்குவரத்துச் சபையில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அவள் புருஷன் ராஜநாயகம், "மாத்தளை மாவட்டத்து மாமன்மாரு உசிரெல்லாம் எம் பொஞ்சாதி நாக்குலதான் இருக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். இந்தப் பொய்யை அவள் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. யாருக்கும் கெடுதி செய்யாத ஒன்றைச் சொல்லிச் சாமியாரின் நேரத்தை வீணாக்குவானேன். நேற்றுக்கூட ஒருவன் வந்து கேட்டான், இப்போது ஏழாம் கட்டிலில் இருக்கிறவளின் அண்ணன், எல்கடுவையிலிருந்து. அவள் பிள்ளைக்கு ஒன்றல்ல, இரண்டு சுற்று, அதுவும் சற்று இறுக்கம். இல்லை என்று சொன்னதும் அவன் சந்தோசம் தாங்காமல் நேரே உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கி நெற்றியில் முத்தமிட்டான், ஆஸ்பத்திரி வாட்டு முழுக்க டொபி மிட்டாய் பங்கிட்டான். மதலேனாவும் ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

இன்றைக்குக் காலையில் பெற்றவள் பெயர் தவமலர். புருஷன் கட்டாரில் ஏதோ துப்புரவுக் கொம்பனியில். தாய் தகப்பன் இல்லை. எல்லாவற்றுக்கும் இந்த லோகேஸ்வரன்தான். மரக்கறி லொறி ஓட்டுகிறவன். தோட்டத்துப் பக்கக் கோவாவையும் போஞ்சியையும் ஏற்றிக்கொண்டு இரவில் தம்புள்ளைச் சந்தைக்குப் போய் விடியத் திரும்புகிறவன். தங்கையை வாட்டில் சேர்த்ததிலிருந்து தூக்கம் விழித்த கண்ணோடு நாளுக்கு இரண்டு தரம் வந்து, கேட்டில் நின்று, கொண்டுவந்த சோத்துப் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் மனைவி சுகந்தினியும் கூடவே வருவாள். ஆனால் உள்ளே வரமாட்டாள். லொறியிலேயே இருந்துகொள்வாள். அவளுக்குக் கலியாணமாகி வெகுகாலம், பிள்ளை இல்லை. இந்த ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கே பல வருஷம் நடந்தவள், மதலேனாவுக்கு முகம் தெரியும். பிள்ளைத்தாய்ச்சிகள் வரிசையில் இருக்கும்போது அவள் எப்போதும் சுவரோரமாக நிற்பாள்.

மத்தியானம் பார்வையாளர் நேரம் முடிகிற தறுவாயில் மதலேனா பிரசவ அறையிலிருந்து வாட்டுப் பக்கம் வந்தாள். புதுத்தாய்களுக்குப் பால் கொடுக்கப் பழக்குவது அவள் வேலையில் பாதி. முலைக்காம்பு பிள்ளையின் வாய்க்குள் சரியாகப் போகாவிட்டால் தாயும் அழுவாள் பிள்ளையும் அழும், இரண்டையும் கேட்டுக்கொண்டு இவளும் நிற்க வேண்டும். வாட்டு வாசலில் லோகேஸ்வரன் வெளியே வந்துகொண்டிருந்தான். காலையில் கும்பிட்ட ஆள்தானா என்று பார்க்க வேண்டியிருந்தது, முகம் அவ்வளவு கறுத்துக் கிடந்தது.

"என்ன தம்பி, பாத்தாச்சா மருமகள?"

"பாத்தேன் மிஸ். துணியப் பாத்தேன்" என்றான். சொல்லிவிட்டு நிற்கவில்லை. படியில் செருப்பு தடதடவென்று இறங்கிப் போனது.

உள்ளே, ஜன்னலோரக் கட்டிலில் தவமலர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் முகத்தை ஒரு துவாயால் மூடியிருந்தாள். மூடின துவாய்க்கு மேலே கையையும் குடைபோல வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மற்றக் கட்டில்காரிகள் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அடியே, மூச்சு முட்டப்போகுது. எடு துணிய."

"அண்ணே போயிட்டாரா?"

"போயிட்டாரு. எடு."

துவாயை எடுத்தாள். பிள்ளை ஒன்றும் அறியாமல் தூங்கிக்கொண்டிருந்தது. தவமலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மதலேனாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் மிஸ் எங்கண்ணங்கிட்ட பொய் சொன்னீங்க?"

மதலேனா வழக்கமாகச் சொல்லுகிறதைச் சொல்லப் போனாள். என்ன பொய், நான் ஏன் பொய் சொல்றேன் என்று நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. தவமலர் விடவில்லை.

"தள்ளாத, நில்லு, நில்லுன்னு சொன்னீங்க. அப்ப தினுஷா மிஸ் சிங்களத்துல சொன்னாங்க, கொடி கழுத்துல சுத்தியிருக்கு அக்கேன்னு. நான் நாவுல டவுன்ல, கார்மெண்ட்ல, நாலு வருசம் சிங்களப் புள்ளைங்களோட வேல செஞ்சவ மிஸ். எனக்கு அது வெளங்காதா?"

சே, இதுதான் விஷயம்! தாதி தினுஷா வந்து சில மாதங்கள்தான். சிங்களப் பிள்ளை, கலகலவென்று பேசுகிறவள், தோட்டத்து மாமன்மாருக்கும் தொப்புள்கொடிக்கும் உள்ள பகையை அவள் எங்கே கண்டாள். மதலேனாதான் சொல்லிவைத்திருக்க வேண்டும். அதை விடவும், தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை, சிங்களம் எங்கே விளங்கப்போகிறது என்று தனக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தாளே, அந்தக் கணக்குத்தான் காலை வாரியது.

"சரி, இருந்திச்சி. அதுக்கு இப்ப என்ன? எண்ணெயில பாக்கணும்னா அண்ணங்கிட்ட நீ சொல்ல வேண்டியதுதானே."

"சொன்னேன் மிஸ்! எண்ணெயில பாத்துட்டு அப்புறம் பாருங்கண்ணேன்னு சொல்லித்தான் மூடினேன். மாலை இல்லேன்னு மிஸ்தான் சொன்னாங்களேன்னாரு. இல்லண்ணே இருந்திச்சி, நான் எங்காதால கேட்டேன்னேன். எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் சொல்றாரு, 'சரி மலரு, வெளங்கிரிச்சி. நல்லவேளை ஒங்கண்ணி கீழயே நின்னுட்டா'ன்னு. அப்பதான் மிஸ் எனக்கு ஓடிச்சி, அவரு என்னத்த நெனச்சாருன்னு."

மதலேனாவுக்கும் ஓடியது. பச்சைப்பிள்ளை முகத்தை எதற்கு மூடுவார்கள்? கண் பட்டுவிடும் என்றுதான் மூடுவார்கள். யார் கண்? பிள்ளை இல்லாதவர்கள் கண். பொறாமை வேண்டாம், ஆசையாகப் பார்த்தாலே போதும், பிள்ளை வாந்தி எடுக்கும், பால் குடிக்காது என்று பெயர். இதை வாய் திறந்து யாரும் சொல்லமாட்டார்கள், ஒரு துவாயைத் தூக்கிப் போடுவார்கள், அவ்வளவுதான். மாலை இல்லை என்று ஆஸ்பத்திரி மிஸ்ஸே சொன்ன பிறகு, மாலை இருந்தது என்று தங்கை சொன்னால் லோகேஸ்வரன் என்ன நினைப்பான்? சாட்டுப்போக்குச் சொல்கிறாள் என்று நினைப்பான். தான் தூக்கி வளர்த்தவள், தன் கண்ணுக்கும் தன் மனைவி கண்ணுக்கும் பயந்து பிள்ளையை ஒளிக்கிறாள் என்று நினைப்பான். வேறு எதை நினைப்பான்?

"போன்ல கூப்பிட்டியா?"

"எடுக்கிறாரில்ல. ராவைக்கு லோட்டு ஏத்திக்கிட்டு தம்புள்ளைக்குப் போறவரு மிஸ். தூக்கமுமில்ல, சாப்பாடுமில்ல, இந்த மனசோட போயி எங்கயாவது..." மேலே சொல்லாமல் தவமலர் பிள்ளையைப் பார்த்தாள். தாய் பிள்ளையைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. மதலேனாவுக்கு இரத்தோட்டைக்காரி ஞாபகத்துக்கு வந்தாள். லொறி எங்காவது ஒரு மதகில் மோதிவிட்டால் போதும். தூக்கம், மனவருத்தம், ரோட்டு எல்லாம் தப்பிவிடும், இந்தப் பொடிசுதான் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பயந்துதானே அவள் பொய்யே சொன்னாள். பொய் போய் அதே இடத்தில் நிற்கிறது.

நேரே போய் அவனிடம் சொல்லிவிடலாம். சொல்லுவது பெரிய வேலை இல்லை. ஆனால் ஒரு மாமனிடம் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால் மற்ற மாமன்மார் என்ன ஆவது? சொன்ன பொய்யெல்லாம் வரிசையாக வந்து நிற்குமே. உக்குவளை, கம்மடுவை, களுதாவளை என்று எத்தனை பேர் அவள் வார்த்தையை நம்பிப் பிள்ளைகளை நேருக்கு நேர் பார்த்து, தோளில் வைத்துத் திருவிழா காட்டி, காது குத்த மடியில் இருத்தி... அவர்களில் எத்தனை பேருக்கு இதற்குள் காய்ச்சல் வந்திருக்கும், கால் முறிந்திருக்கும், ஓரிரண்டு பேர் செத்தும் இருப்பார்கள். மனிதர்கள் சாகிறவர்கள்தானே. இவ்வளவு நாளும் அவை வெறும் காய்ச்சலாகவும் சாவாகவும் இருந்தன. அவள் வாய் திறந்தால் அப்படி இருக்காது. அவளுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. தவமலர் மறுபடியும் போனைக் காதில் வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். மதலேனா கையைக் கழுவிவிட்டுப் படியிறங்கினாள்.

லொறி ஆஸ்பத்திரி மதிலுக்கு வெளியே தேத்தண்ணிக் கடைக்கு எதிரில் நின்றது. லோகேஸ்வரன் பின்னால் ஏறி, இறுக்க ஒன்றுமே இல்லாத வெறுந்தட்டில் கயிற்றை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தான். முன் சீட்டில் சுகந்தினி மடியில் ஒரு பெரிய பையை வைத்துக்கொண்டு நேரே ரோட்டைப் பார்த்தபடி இருந்தாள். மருத்துவமாது வெள்ளை உடுப்போடு ரோட்டுக்கு வந்ததைக் கண்டு கடையில் நின்றவர்கள் தேத்தண்ணியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"தம்பி, கீழ எறங்குங்க. ஒரு விசயம்."

"நான் போறேன் மிஸ். எதாவது மருந்து வாங்கணும்னா எழுதித் தாங்க, ஆள்கிட்ட குடுத்துவுடுறேன்."

"மருந்தில்ல. காலைல நான் ஒங்ககிட்ட சொன்னது பொய். புள்ளைக்கு மாலை இருந்திச்சி. மலரு சொன்னதுதான் உண்மை."

அவன் கயிற்றை விட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்தான். கோபப்படுவான் என்று மதலேனா எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் சிரித்தான், பெரிய மனுஷத்தனமான ஒரு சிரிப்பு.

"நீங்க நல்ல மனசுல சொல்றீங்க மிஸ். அவ அழுதிருப்பா, நீங்க எறங்கி வந்திருக்கீங்க. பரவாயில்ல. எனக்கொண்ணும் இது புதுசில்ல. ஒம்பது வருசமா எந்த வீட்டுக்குப் போனாலும் இவள ஒரு அடி பின்னுக்குத்தான் நிக்க வைப்பாங்க. புள்ளைக்குப் பேரு வைக்கிற வீட்டுல சோத்த மட்டும் கையில குடுத்து அனுப்புவாங்க. நாங்க பழகிட்டோம். ஊர்ச்சனந்தானேன்னு இருந்துட்டோம். என்னா, இவ அதுக்காக ராவெல்லாம் ஒக்காந்து தச்ச சட்டைங்க இருக்கு பையில. அதுதான் ஒரு மாதிரியா இருக்கு."

"தம்பி, நான் சொல்றது உண்மை."

"அப்ப காலைல சொன்னது?"

"பொய்."

"ரெண்டும் நீங்கதானே மிஸ் சொல்றீங்க. நான் எத எடுக்க?"

இத்தனை வருஷத்தில் அவள் வார்த்தையை ஒருவரும் இப்படித் திருப்பித் தந்ததில்லை. கேட்டவர்கள் எல்லாரும் பொய்யை உடனே நம்பினார்கள், கும்பிட்டார்கள், டொபி தந்தார்கள். உண்மையைச் சொல்லப் போன இடத்தில் அதை ஒருவன் கையால்கூடத் தொடமாட்டேன் என்கிறான். தேத்தண்ணிக் கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சுகந்தினி மட்டும் இன்னும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் பையைப் பிடித்திருந்த கை அசையவில்லை.

சத்தியம் செய்வது மதலேனாவுக்குப் பிடிக்காது. ஆண்டவர் பெயரையோ அந்தோனியார் போன்ற அர்ச்சியசிட்டர் பெயரையோ வீணுக்கு இழுக்கக்கூடாது என்று சின்ன வயதில் படித்தது அவளுக்குள் கெட்டியாகப் பிடித்த பாடம். அதிலும் இது எண்ணெயில் முகம் பார்க்கிற விவகாரம். அவள் நம்பாத ஒன்றை இன்னொருவன் நம்புவதற்காக அந்தோனியாரை இழுக்க வேண்டும். சாமியாருக்குத் தெரிந்தால் வாயில் கையை வைத்துக்கொள்வார். ஆனால் இந்தப் பக்கத்தில் சைவக்காரர்களும் நேர்த்தி வைத்து வஹகோட்டை அந்தோனியார் கோவிலுக்குப் போகிறவர்கள். லொறியின் கண்ணாடிக்கு மேலே பிள்ளையாருக்கும் முத்துமாரி அம்மனுக்கும் பக்கத்தில் அந்தோனியார் படம் ஒன்றும் ஒட்டியிருந்ததை அவள் கண்டிருந்தாள்.

"வஹகோட்ட அந்தோனியார் மேல சத்தியமா சொல்றேன். ஒரு சுத்து இருந்திச்சி. இந்த வெரலாலதான் கழட்டினேன். அந்தப் புள்ள ஒங்களுக்குப் பயந்து மூடல, ஒங்களுக்காகத்தான் மூடியிருக்கா."

முதலில் பேசியது லோகேஸ்வரன் அல்ல.

"எங்கிட்ட நல்லெண்ணெய் இருக்கு" என்றாள் சுகந்தினி.

லொறிக் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, பையைத் தரையில் வைத்து, தைத்த சட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, அடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறியில் ஊற்றிக் கொடுக்க என்று செக்கில் ஆட்டி வாங்கியதாம். மூடியைப் பழைய சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள். "போதுமா மிஸ்?" என்று மதலேனாவைப் பார்த்துக் கேட்டாள். கிளினிக் வரிசையில் சுவரோரம் நின்ற காலத்திலிருந்து அவள் மதலேனாவிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. காவலாளிக்கு மதலேனா ஒரு கையைக் காட்டினாள், அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். வாட்டில் தினுஷா இருந்தாள். மதலேனா சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னதும் அவள் கண்ணை அகல விரித்து, "எனக்கு யாருமே சொல்லலையே அக்கே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, வாட்டுப் பொறுப்பு சிஸ்டர் சாப்பிட்டுவிட்டு வருமுன் முடித்துவிடுங்கள் என்று முணுமுணுத்தபடியே போய், கழுவித் துடைத்த அகலமான ஸ்டீல் பேசினைக் கொண்டுவந்து தந்தாள்.

எண்ணெயை ஊற்றினார்கள். மின்விசிறிக் காற்றில் எண்ணெய் சுருங்கிச் சுருங்கி விரிந்தது, கூரையிலிருந்த டியூப் வெளிச்சம் அதில் நூலாக நெளிந்தது. "இதுல என்னாத்த தெரியும்" என்று அடுத்த கட்டில் றுஸைனா அபிப்பிராயம் சொன்னாள். அவள் முஸ்லிம் பிள்ளை, இந்த வேலையெல்லாம் அவளுக்குப் புதிது, அதனால் வேடிக்கை பார்க்க எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். தினுஷா போய் மின்விசிறியை நிறுத்தினாள். வாட்டில் சட்டென்று புழுக்கம் ஏறியது. லோகேஸ்வரன் கண்ணைத் தரையில் நட்டபடி, ஒருதரமும் நிமிராமல், கட்டிலருகில் வந்து நின்றான். மதலேனா பிள்ளையை வாங்கினாள். நெஞ்சுக்கு ஒரு கை, நெற்றிக்கு ஒரு கை கொடுத்துக் குப்புறப் பிடித்தாள். பிள்ளைகளை எத்தனையோ விதமாகப் பிடித்திருக்கிறாள், இப்படிப் பிடித்தது இதுதான் முதல்தடவை. எண்ணெய் மெதுவாக அசைவை விட்டது. அதில் ஒரு சின்ன மூக்கு வந்தது. பிறகு நெற்றி. பிறகு கொட்டாவி விடுகிற ஒரு வாய்.

லோகேஸ்வரன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எங்கம்மா மூக்கு, மலரு" என்றான்.

தவமலர் தலையை ஆட்டினாள். அவன் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பிள்ளையை நேரே பார்த்தான். "நான்தான் பிசகா நெனச்சிட்டேன். மிஸ் பாவம், நடுரோட்டுல நின்னு அந்தோனியார் மேல சத்தியம் பண்ணினாங்க. காலைல சும்மா சொன்னாங்களாம், நாம பயந்திருவோம்னு." சந்தோசத்தில் அவன் குரல் லொறிக்காரக் குரலாகிவிட்டிருந்தது. வாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

சுகந்தினி போத்தல் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் பக்கமாகவே நின்றாள். பழக்கதோஷம். தவமலர் மதலேனாவின் கையிலிருந்து பிள்ளையை வாங்கினாள். துவாய் கட்டிலில் கிடந்தது, அதைத் தொடவில்லை. "அண்ணி, இங்க வாங்க. எனக்குக் கையெல்லாம் வலிக்குது, இவள புடிங்க" என்றாள். கை வலிக்கிறவள் பிள்ளையை அப்படி நீட்டமாட்டாள், அது எல்லாருக்கும் தெரிந்தது. சுகந்தினி வந்தாள். மூடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் தடுமாறி, புருஷனின் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள். பிள்ளையின் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோகாமல் கொஞ்சம் விலக்கியே வைத்திருந்தாள். பிறகு மெல்ல மெல்லக் குனிந்தாள்.

மதலேனாவுக்கு நெஞ்சு நிறைந்துபோய் இருந்தது. சிஸ்டர் வருமுன் ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்று பேசினை இரண்டு கையாலும் தூக்கினாள். ஒரு சொட்டு சிந்தினாலும் வழுக்கி விழ இந்த வாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். தினுஷா சுவிட்ச் பக்கம் போனாள்.

"மிஸ்."

ஏழாம் கட்டில். எல்கடுவைக்காரி தன் பிள்ளையை மார்போடு அணைத்தபடி கட்டிலை விட்டு இறங்கி நின்றாள். பிள்ளையின் முகம் வெளியே தெரியாதபடி அவள் உள்ளங்கை இருந்தது.

"எங்கண்ணனும் நேத்து ஒங்ககிட்ட கேட்டாருல்ல. நீங்க இல்லேன்னு சொன்னீங்க. அவரு தூக்கி முத்தமெல்லாம் குடுத்துட்டுப் போனாரு."

"ஆமா புள்ள" என்றாள் மதலேனா.

"எனக்கும் அந்தோனியார் சத்தியமா சொல்லுங்க மிஸ்."

தினுஷாவின் விரல் சுவிட்சில் இருந்தது, போடவில்லை. மதலேனா மேசையில் வைக்கப்போன பேசினை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, மெல்ல மெல்ல மட்டத்துக்கு வந்துகொண்டிருந்தது.